கடப்பு என்றால் இறந்தகாலம் அல்ல

என் ராத்தா ஒரு திரைப்படத்தில் வருகிறார். மூத்த சகோதரியை எங்கள் பக்கத்தில் ராத்தா என்போம். படத்தில் அவர் தன் குசினிச் சுவரில், சமையலறைச் சுவரில், உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நிற்கிறார். கமரா அசைவதில்லை. பிறகு ஒரேயொரு வசனம் பேசுகிறார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு திரையின் கீழே வெள்ளை எழுத்தில் வரும்போது வெளிநாட்டு அரங்குகளில் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம். இயக்குநரே எனக்கு அப்படி எழுதியிருந்தார். அந்த மொழிபெயர்ப்பு பிழை. பிழை என்று தெரிந்துகொண்டே அதற்குச் 'சரி' போட்டவள் நான். ஆகவே என் கோபத்தில் ஒரு பங்கு என்மேல்தான். மற்றப் பங்கை யார் யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்களுக்குக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

சாய்ந்தமருதில் உம்மாவின் வீடும் ராத்தாவின் வீடும் கடற்கரைப் பக்கம் அடுத்தடுத்த வளவுகளில் இருந்தன. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் பேசுவார்கள். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். அதனால் உம்மா வீட்டுக்குப் பக்கத்தில் மகள் வீடு, அதற்குப் பின்னால் சாச்சி வீடு என்று வேலிக்கு வேலி சொந்தக்காரப் பெண்கள்தான். அந்த வேலிகளில், வீட்டின் பின்பக்கமாக, ஓர் ஆள் சரிந்து நுழையக்கூடிய அளவில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் கடப்பு. தெருவில் கால் வைக்காமல், அபாயாவைத் தேடி மாட்டாமல், வீட்டில் உடுத்த உடுப்போடு ஒரு பெண் பத்து வளவு தாண்டிப் போகலாம். தேங்காய் துருவியை இரவல் வாங்கலாம், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கலாம், யார் வீட்டில் யார் அழுகிறார்கள் என்று கேட்டறியலாம். ஆண்களுக்குத் தெரு இருந்தது. எங்களுக்குக் கடப்பு இருந்தது.

எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் சுனாமி அங்கே வரவில்லை. கடற்கரை வளவுகளில் கிணற்றுக் கட்டைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகியிருந்தார். உம்மாவும் ராத்தாவும் ராத்தாவின் குடும்பமும் உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. பிறகு தகரக் கொட்டில், வரிசை, படிவம், மறுபடியும் வரிசை. அந்தக் காலத்தில்தான் கட்டடக் கலைஞர் வந்தார்.

கொழும்பில் பெரிய பெயர் எடுத்தவர். வெளிநாட்டில் படித்தவர். தமிழ் தெரியாது. நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்ததால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். கெட்ட மனிதர் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். கொட்டில்களுக்குள் குனிந்து நுழைந்து, பாயில் சப்பணமிட்டு, தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கண் கலங்கிய மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு கெடுதல் செய்திருக்க அவரால் முடிந்திராது. அவருக்கு ஒரு கனவு இருந்தது. இந்த நாடு வேலிகளால் கெட்டுப்போன நாடு என்று நம்பினார். இனத்துக்கு வேலி, மதத்துக்கு வேலி, வீட்டுக்கு வேலி. கடல் வந்து அத்தனை வேலியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது, இனி வேலியே இல்லாத ஊர் ஒன்றைக் கட்டுவோம் என்றார். அதை நான் தமிழில் சொல்லும்போது எனக்கே உடம்பு புல்லரித்தது.

கார்ட்போர்ட் மட்டையால் செய்த மாதிரி ஒன்றைப் பாடசாலை மண்டபத்தில் வைத்தார்கள். குடும்பத் தலைவர்கள் வரவும் என்று அறிவித்தல். குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எழுதியவர்களுக்கும் தோன்றியது, வாசித்தவர்களுக்கும் தோன்றியது. வீட்டுக்கு உரியவள் கொட்டிலில் இருந்து சோறாக்க, பெட்டியோடு வந்தவர் போய் வீட்டைப் பார்த்து நல்லது என்று தலையாட்டிவிட்டு வந்தார். வயலை நிரப்பிய நிலத்தில் வெள்ளை வெளேரென்று தொடர்மாடிகள். நடுவே வட்ட வடிவில் ஒரு பெரிய முற்றம், சுற்றிவர உட்காரச் சீமெந்து வாங்குகள். முற்றத்தில் ஆண் பெண் தெரியாத வெள்ளைப் பொம்மைகள் நின்றன. இந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கமே இல்லை, எல்லாப் பக்கமும் முன்பக்கம்தான் என்று அவர் பெருமையோடு சொன்னதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். எங்கள் சீவியம் முழுக்கப் பின்பக்கத்தில்தானே நடக்கிறது என்று அந்த மண்டபத்தில் எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருக்க வேண்டியது எனக்குத்தான். அங்கே நின்ற ஒரே பெண் நான்.

சீட்டுக் குலுக்கியபோது உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் மூன்றாம் மாடியில் அடுத்தடுத்த வீடுகள் விழுந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் சந்தோசப்பட்டோம். குடிபோன பிறகுதான் விளங்கியது. இரண்டு வீட்டுக் குசினிகளும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டன, ஆனால் படிக்கட்டு வேறு வேறு. உம்மாவுக்கு ஒரு கோப்பை கறி கொண்டுபோக வேண்டுமென்றால் ராத்தா அபாயாவைப் போட்டு, மூன்று மாடி இறங்கி, வட்ட முற்றத்தை ஒரு வளைவு வளைந்து, மறுபடியும் மூன்று மாடி ஏற வேண்டும். முற்றம் எல்லோரும் கூடிக் கதைப்பதற்காகக் கட்டியது. கூடியவர்கள் ஆண்கள். கரம் போர்ட், மோட்டார் சைக்கிள், அரசியல். நூறு கண்ணுக்கு நடுவே கறிக் கோப்பையோடு நடக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும். சிலர் பழைய வளவில் இருந்ததைவிட வீட்டுக்குள் அதிகம் அடைபட்டுப் போனார்கள். உம்மா அகப்பைக் காம்பால் சுவரில் தட்டுவார், ராத்தா பதிலுக்குத் தட்டுவார். அதுதான் அவர்களுக்கு மிஞ்சிய கதை.

கட்டடத்துக்கு விருதுகள் கிடைத்தன. படங்கள் பெரிய பெரிய புத்தகங்களில் வந்தன. அதைப் பார்த்துவிட்டு ஓர் இயக்குநர் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தார். கட்டடங்களைப் பற்றியே படம் எடுப்பவர், கதை இல்லாத படம். பத்து நாள் அவர்களோடு அலைந்தேன். அந்தப் பத்து நாளும் நான் அதிகம் மொழிபெயர்த்தது 'தயவுசெய்து உள்ளே போங்கள்' என்ற ஒன்றைத்தான். கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கச் சொன்னார்கள். கண்ணாடி யன்னல்களில் பெண்கள் மறைப்புக்குக் கட்டியிருந்த படுக்கை விரிப்புகளைக் கழற்றச் சொன்னார்கள். முற்றத்திலிருந்து ஆட்களை விலக்கினார்கள். ஆடு வரலாம், மோட்டார் சைக்கிள் வரக் கூடாது. முற்றம் வெறுமையாக வேண்டுமாம். மனிதனின் தனிமையை அந்த வெறுமை காட்டுமாம். ஆட்களைத் துரத்திவிட்டுத் தனிமையைப் படம் பிடிக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது நான் கழுத்தில் அவர்கள் தந்த அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பெருமையாக நின்றேன்.

ராத்தாவைக் குசினியில் நிறுத்தி, இந்த வீட்டைப் பற்றி மனதில் உள்ளதைச் சொல்லச் சொன்னார்கள். ராத்தா சுவரில் கையை வைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு நிறையப் பேசினார். கமராவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தா, இந்தச் செவருக்கு அங்காலதான் எங்கட உம்மா இரிக்கா. கூப்பிட்டாக் கேக்கும், ஆனாப் போக வழியில்ல. எங்களுக்கு ஒரு கடப்பில்ல."

முன்னால் பேசியதை எல்லாம் வெட்டிவிட்டுக் கடைசி வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நீண்ட மௌனத்துக்குப் பிறகு ஒரு சின்ன வசனம் வந்தால் அழகாக இருக்குமாம். மொழிபெயர்ப்பை வேறு எங்கோ உள்ள ஒருவரைக் கொண்டு செய்வித்திருந்தார்கள். அவருக்கும் தமிழ் தெரியும், எங்கள் தமிழ் தெரியாது. கடப்பு என்பதைக் கடந்த காலம் என்று எடுத்துக்கொண்டார் போலும். 'எங்களுக்கு இறந்தகாலம் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். சரிபார்க்கச் சொல்லி முழுப் பட்டியலும் எனக்கு மின்னஞ்சலில் வந்தது.

அந்த வரியை வாசித்ததும் சிரிப்பு வந்தது. திருத்தத்தான் போனேன். கடப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? வேலியில் உள்ள ஓட்டை என்றா? பெரிய அரங்கில், பெரிய திரையில், என் ராத்தா வந்து எங்களுக்கு வேலியில் ஓட்டை இல்லை என்று சொல்வதா? பட்டிக்காட்டுப் பெண் என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எங்களுக்கு இறந்தகாலம் இல்லை. என்ன கம்பீரமான வசனம். கடலில் எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண் சொல்லக்கூடியதுதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். 'சரி' என்று எழுதி அனுப்பினேன்.

ராத்தாவின் முகம் சுவரொட்டியில் வந்தது, கீழே அந்த வரி. கட்டடக் கலைஞருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இறந்தகாலம் இல்லாத மனிதர்களுக்காகத்தானே அவர் கட்டினார். போன இடமெல்லாம் தன் உரையை அந்த வரியோடுதான் முடித்தார் என்று கேள்வி. கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சிய வளவை மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிற ராத்தாவுக்கு இறந்தகாலம் இல்லையாம்.

அடுத்த வருசம் ஒரு நாள் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்ன நேரம் உம்மா சுவரில் தட்டினார். வழமையான தட்டல் இல்லை என்று ராத்தாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அபாயாவை மாட்டிக்கொண்டு இறங்கினார். முற்றத்தில் ஏதோ கூட்டம், கதிரைகள் வழியை அடைத்துக் கிடந்தன. விலக்கிக்கொண்டு ஓடி மறு படிக்கட்டில் ஏறினால் கதவு உள்ளே தாழ்ப்பாள். ஆண்களைக் கூப்பிட்டு உடைத்துப் போகும்போது உம்மா சுவரோடு சாய்ந்தபடி மௌத்தாகியிருந்தார். அகப்பை மடியில் கிடந்தது. நான் பாடசாலையிலிருந்து வந்தபோது ராத்தா அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உம்மாவுக்கு ஓதிய நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து ஆட்கள் போன பிறகு ராத்தா ஓர் இரும்பு அலவாங்கை எடுத்துச் சுவரில் இடித்தார். ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், தடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு தானும் சேர்ந்து இடித்தார். ஒரு மேசனைக் கொண்டு விளிம்பு பூசி, கதவு இல்லாமல் ஒரு சீலையைத் தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் சுவர்களை வெட்டினார்கள். இப்போது மூன்றாம் மாடியில் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு பெண் படிக்கட்டைத் தொடாமல் போய்வரலாம். உம்மாவின் வீடு ராத்தாவின் மகளுக்குச் சீதனமாகப் போனது. போன மாதம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. விடிய சுபஹுக்கு எழும்பிச் சுடுதண்ணீரும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கும் கொண்டு ராத்தா அந்தக் கடப்பால்தான் போய்வருகிறார்.

அந்தச் சுவரில்தான் இரண்டு கிழமைக்கு முன்பு சிவப்பு மையால் ஓர் இலக்கம் எழுதிவிட்டுப் போனார்கள். கட்டடத்தைக் கலைப் படைப்பாகப் பாதுகாக்கப் போகிறார்களாம். படம் அவ்வளவு புகழ் பெற்றுவிட்டதால் படத்தில் இருந்ததுபோலவே திருத்த வேண்டுமாம். வெளிநாட்டு நிதி, ஒரு குழு. மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது, உப்புக் காற்றில் கொங்கிறீட்டுக்குள் கம்பி வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது, அதற்கெல்லாம் இத்தனை வருசமாக எழுதிய கடிதங்களுக்கு ஒரு பதில் இல்லை. வெட்டிய வழிகளை அடைக்க மட்டும் ஆள் வந்துவிட்டது. நாற்பது நாள் முடியாத பிள்ளை பெற்றவள் அங்கே, தான் இங்கே, இதையும் அடைத்தால் தான் என்ன செய்வது என்று ராத்தா என்னிடம் கேட்டார். அவருடைய முழங்கால் இப்போது ஒரு நாளில் பல தடவை மூன்று மாடி ஏறி இறங்கும் நிலையில் இல்லை.

குழு வந்த அன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு, கீழ்மாடி மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். கட்டடக் கலைஞர் வயதாகித் தடி ஊன்றியபடி வந்திருந்தார். இயக்குநரும் வந்திருந்தார். ஆண்கள் முன்னால் கதிரைகளில், பெண்கள் பின்னால் பாய்களில். ராத்தா திரையில் வந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், ராத்தா முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். படம் முடிந்ததும் கட்டடக் கலைஞர் பேசினார். நான் பக்கத்தில் நின்று வசனம் வசனமாகத் தமிழாக்கினேன். சுவர்களில் ஏற்பட்ட காயங்கள் எல்லாம் மூடப்படும் என்றார். காயம் என்ற சொல்லையும் மாற்றாமல் அப்படியே சொன்னேன். பிறகு, உங்களில் ஒருவரே இதை எல்லாரையும்விட அழகாகச் சொல்லியிருக்கிறார் என்றார். அந்த வரியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு இறந்தகாலம் இல்லை என்று சொன்னாவாம் என்றேன், என் ராத்தாவின் முகத்தைப் பார்க்காமல்.

"நான் எங்க புள்ள அப்பிடிச் சொன்ன?" என்று பின்னால் இருந்து குரல் வந்தது. "கடப்பில்லண்டுதானே சொன்ன."

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கடப்பு என்றால் என்ன, அது எந்த வேலியில் இருந்தது, அதால் யார் போவார்கள். படத்தில் உள்ள வரி பிழை. பிழை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான்தான் விட்டேன். நீங்கள் காயம் என்று சொல்வதைத்தான் அவர் படத்தில் கேட்கிறார் என்றும் சொன்னேன்.

இயக்குநர் மெல்லச் சிரித்து, மொழிபெயர்ப்புப் பிழையாக இருந்தாலும் அதிலும் ஓர் உண்மை இருக்கிறது, ஒருவேளை அவர் சொல்ல நினைத்ததைவிடப் பெரிய உண்மை என்றார். அதை நான் தமிழாக்க மறுத்துவிட்டேன். ஒரு பெண் தாயிடம் போக வழி கேட்கிறாள், அதைவிடப் பெரிய உண்மை இவருக்குக் கிடைத்துவிட்டதாம். இன்னொருத்தியின் வாயில் தன் சொல்லைத் திணித்துவிட்டு, அது அவளுடைய சொல்லைவிட உயர்ந்தது என்று அவள் முன்னாலேயே சொல்ல எப்படித் துணிவு வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கட்டடக் கலைஞர் சிரிக்கவில்லை. அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. இத்தனை வருசத்தில் ஏன் ஒருவரும் தன்னிடம் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார். உண்மையாகவே நொந்துபோய்க் கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன்.

ராத்தா பாயிலிருந்து கையை ஊன்றி எழும்பி நின்றார். "சொன்னதத்தானே இவ்வளவு நேரமும் உக்காந்து பாத்தீங்க" என்றார்.

அதை ஆங்கிலத்தில் சொன்னபோது கட்டடக் கலைஞர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். குழுவோடு பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். முடிவு இன்னும் வரவில்லை. சிவப்பு இலக்கம் அப்படியே இருக்கிறது.

அந்த வரியை மாற்றச் சொல்லி இயக்குநருக்கு எழுதினேன். மூன்று நாளில் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். படம் முடிவடைந்த ஒரு படைப்பு, அதில் இனிக் கை வைப்பது அதன் வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்று எழுதியிருந்தார். எங்களுக்கு இல்லாத இறந்தகாலம் அவருடைய படத்துக்கு மட்டும் இருக்கிறது. ராத்தாவின் குசினியில் வைத்து அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிள்ளை மடியில் தூங்க, ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ அப்பவே சரியா எழுதியிரிந்தா, அந்தக் கட்டினவர் அதப் பாத்திரிப்பாரா?" என்று கேட்டார்.

பார்த்திருப்பார் என்றேன். அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்தவர்.

"பாத்தா வந்து வெட்டித் தந்திரிப்பாரா?"

யோசித்தேன். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபம். ஆனால் கொட்டிலில் பிளேன்டீ குடித்துக் கண் கலங்கிய அந்த முகம் எனக்குத் தெரியும். முற்றத்தில் நின்று சொல்லியிருந்தால் கேளாத காதுதான் அது, திரையில் கேட்டிருந்தால் அடுத்த கிழமையே வரைபடத்தோடு வந்து இறங்கியிருப்பார். வந்திருப்பார் ராத்தா என்றேன்.

"அப்ப உம்மா தட்டக்குள்ள நான் போய்ச் சேந்திரிப்பன்" என்றார் ராத்தா. என்னைக் குற்றம் சாட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதுபோல மெதுவாகத்தான் சொன்னார்.

"ஓம் ராத்தா" என்றேன்.